பிக்டியர் செதுக்கிய கற்களும் பின்வந்தோர் எழுப்பிய சுவர்களும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியில், அபர்டீன் நகரத்துக்கு வடக்கே அமைந்துள்ள ஃபைவி என்னும் சிற்றூரின் தேவாலயத்துக்குப் போகிறவர், நேரே வாயிலுக்குள் நுழைந்துவிடாமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அதன் கீழ்த்திசைச் சுவரருகே சிறிது நேரம் நின்று பார்ப்பாரானால், சாதாரணமான கட்டுமானக் கற்களுக்கிடையே முற்றிலும் வேறொரு காலத்தைச் சேர்ந்த சில கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் காண்பார். அந்தச் சுவர் எழும்புவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்நாட்டை ஆண்ட பிக்டியர் என்னும் மக்கள், இன்றுவரை யாரும் ஐயமறப் பொருள் கூறமுடியாத தங்கள் சின்னங்களை அவற்றில் செதுக்கியிருக்கிறார்கள். ஃபைவி தனித்து நிற்கும் உதாரணம் அன்று. அபர்டீன் சீமையிலும், அதற்குத் தெற்கே ஆங்கஸ், பெர்த் சீமைகளிலும், வடக்கே கடலுக்குள் நீளும் டார்பத் தீபகற்பத்திலும், பழைய தேவாலயம் ஒன்றை இடித்தபோதோ பழுது பார்த்தபோதோ சுவரின் நடுவிலிருந்தும் தளத்தின் அடியிலிருந்தும் அஸ்திவாரத்தின் ஆழத்திலிருந்தும் இவ்வகைக் கற்கள் வெளிப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. பிக்டியரின் சிற்பச் செல்வத்தில் நமக்கு எஞ்சியுள்ள பகுதி இத்தனை என்று கணக்கிடும்போது, அதில் கணிசமான பங்கைப் பாதுகாத்துக் கொடுத்தவை இந்தச் சுவர்களே என்பது என் அபிப்பிராயம்.

பிக்டியர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.பி. 297இல் உரோமப் பேரரசில் நிகழ்த்தப்பட்ட ஒரு புகழுரையில் அவர்கள் பெயர் முதன்முதலாக வருகிறது. ஃபோர்த் நதியின் முகத்துவாரத்துக்கு வடக்கே வாழ்ந்த அவர்கள், உரோமர் பிரிட்டனை விட்டு நீங்கிய பின்னர் வலிமை வாய்ந்த ராஜ்யத்தை நிறுவினர். ஒன்பதாம் நூற்றாண்டில் மேற்கேயிருந்து வந்த கேலிக் மொழியினரோடு கலந்து, பத்தாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் ஆல்பா என்ற புதிய ராஜ்யத்துக்குள் மறைந்துபோயினர். அவர்களுடைய மொழியில் ஒரு நூலேனும் நமக்குக் கிடைக்கவில்லை. அரசர்களின் பெயர் வரிசை ஒன்று கிடைத்திருக்கிறது. ஆகவே அவர்கள் என்ன நினைத்தார்கள், எதை அழகென்று கொண்டாடினார்கள், யாரை வணங்கினார்கள் என்றறிய விரும்புகிறவன் கற்களிடமே போகவேண்டியிருக்கிறது. ஒரு ஜனசமூகத்தின் வரலாறு முழுவதும் கல்லை நம்பியிருக்கும்போது, அந்தக் கல் எங்கே போயிற்று, யார் கையில் சிக்கிற்று, எப்படித் திரும்பிற்று என்பதும் அந்த வரலாற்றின் ஓர் அங்கமாகிவிடுகிறது.

இக்கற்களை 1903இல் ஜோசப் ஆண்டர்சன், ராமிலி ஆலன் என்னும் இரு அறிஞர்கள் தங்கள் பெருநூலில் மூன்று வகுப்புகளாகப் பிரித்தனர். செதுக்கித் திருத்தப்படாத பாறைத்துண்டில் கோடுகளாகக் கீறப்பட்ட சின்னங்களை மட்டும் உடையவை முதல் வகுப்பு. திருத்தமாக வெட்டிய பலகைக் கல்லில், ஒருபுறம் புடைப்பாகச் செதுக்கிய சிலுவையும் மறுபுறம் பழைய சின்னங்களும் வேட்டைக்காட்சிகளும் கொண்டவை இரண்டாம் வகுப்பு. சின்னங்கள் நீங்கிச் சிலுவை மட்டும் நின்றவை மூன்றாம் வகுப்பு. பிறையும் அதன்மேல் முறிந்து மடிந்த கோலும், இணைந்த இரு வட்டங்களும் அவற்றினூடே நெளிந்து செல்லும் கோலும், சீப்பும் கைக்கண்ணாடியும், பாம்பும் சால்மன் மீனும் கழுகும் காட்டுப்பன்றியும், நீண்ட மூக்கும் சுருண்ட பாதங்களும் உடையதாய் எந்தப் பிராணி என்று இன்னமும் தீர்மானிக்கப்படாத விசித்திர விலங்கு ஒன்றும் என, அச்சின்னங்கள் ஏறக்குறைய முப்பது நாற்பது வகைப்படும். இவை மனிதர்களின் பெயர்களைக் குறிப்பவை என்ற கருத்து இன்று மேலோங்கி நிற்கிறது. ஒரே சின்னங்களின் சேர்க்கை ஷெட்லாந்துத் தீவுகள் முதல் ஃபைஃப் வரை மாறாத உருவில் தோன்றுவதைப் பார்க்கும்போது, அவை ஓர் ஒழுங்குக்குட்பட்ட குறியீட்டு முறையே என்பதில் சந்தேகத்துக்கிடமில்லை.

இக்கற்களுக்கும் தேவாலயத்துக்கும் உண்டான தொடர்பு, கொத்தன் ஒருவன் கல் தேடிப் புறப்பட்ட நாளில் தொடங்கியதன்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெக்டன் என்னும் பிக்டிய அரசன், நார்தம்பிரியாவிலுள்ள ஜாரோ மடத்தின் தலைவர் சியோல்ஃப்ரித்துக்குத் தூதனுப்பி, உரோமர் முறையில் கல்லால் தேவாலயம் கட்டத் தெரிந்த சிற்பிகளைத் தன் நாட்டுக்கு அனுப்பும்படி வேண்டிக்கொண்டான் என்றும், அவ்வாறு எழும் ஆலயத்தை அப்போஸ்தலர் பேதுருவின் பெயரால் பிரதிஷ்டை செய்வதாக வாக்களித்தான் என்றும், அந்த மடத்திலேயே வாழ்ந்த பீட் என்ற சரித்திராசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன் பிக்டியரின் வழிபாட்டிடங்கள் பெரும்பாலும் மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. கல்லில் வேலை செய்த சிற்பியின் திறமையெல்லாம் நிமிர்ந்து நின்ற சிலுவைப் பலகைகளிலேயே செலவாயிற்று. இன்று நாம் சுவருக்குள்ளே காணும் கற்களில் பல, அந்த மரக் கோயில்களின் முற்றத்திலும் மயானத்திலும் நின்றவையே. அவற்றின் மேல் எழும்பிய பிற்காலக் கட்டடம், தொலைவிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. நின்ற இடத்திலேயே தன்னுள் இழுத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் அரசனும் அவன் வழிவந்தோரும் நாட்டைச் சேகரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கல்லாலான தேவாலயம் எழுப்பச் செய்த காலத்தில், இந்த விழுங்கல் பெருமளவில் நிகழ்ந்தது. அப்போது பிக்டியரின் மொழி வழக்கிழந்து தலைமுறைகள் பல கடந்துவிட்டன. சின்னங்களின் பொருளைச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. கொத்தனின் கண்ணுக்கு எதிரே, ஒருபுறம் தட்டையாகவும் ஓரங்கள் நேராகவும் ஏற்கெனவே வெட்டித் தயாராக இருந்த மணற்கல் பலகை நின்றது. பாறையை உடைத்துக் கல் எடுத்து, வண்டியிலேற்றி இழுத்துவந்து, உளியால் சதுரிக்கும் உழைப்பு முழுவதையும் அது மிச்சப்படுத்திற்று. அவன் அதைக் கிடத்தி வாயிலின் மேல் உத்தரக்கல்லாக்கினான். குறுக்கே வெட்டிப் படியாக்கினான். செதுக்கிய முகம் உள்ளே போகும்படி திருப்பிச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தான். டீ நதிக்கரையிலுள்ள டல்லிக் என்னும் இடத்தில், சின்னங்கள் தெளிவாகப் பொறித்த கல்லொன்று 1866இல் பாழடைந்த ஆலயத்தின் அஸ்திவாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. கிரிமியூர் என்ற ஊரில் 1787இல் பழைய தேவாலயத்தை இடித்தபோது, அதன் அடித்தளத்தில் சிலுவைக் கற்கள் பல வரிசையாகக் கிடந்தன. ஃபவுலிஸ் வெஸ்டர் ஆலயத்தை 1927இல் ஜீர்ணோத்தாரணம் செய்தபோது சுவருக்குள்ளேயிருந்து வெளிவந்த பலகை, வெளியே ஊர் நடுவில் காற்றையும் மழையையும் தாங்கி நின்ற அதன் பெரிய உடன்பிறப்பைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு தெளிவுடையதாயிருந்தது. எதிரெதிரே ஆசனங்களில் அமர்ந்த குருமார் இருவரின் உடைமடிப்பும் அதில் அழியாமலிருக்கிறது.

இவ்வகையில் மிகச் செழிப்பான இடம், ஆர்பிரோத் நகரத்தை அடுத்துள்ள செயின்ட் விஜியன்ஸ் என்ற சிற்றூர். சமவெளியில் திடீரென்று எழுந்த செங்குத்தான மேட்டின் உச்சியிலே அதன் தேவாலயம் நிற்கிறது. மேட்டின் அடியைச் சுற்றிச் சிறு வீடுகள் வளைந்து அமைந்திருக்கின்றன. 1178இல் வில்லியம் அரசன் ஆர்பிரோத்தில் பெரிய மடாலயத்தை ஸ்தாபித்த பின்பு, இந்த ஆலயம் அந்த மடத்தின் ஆளுகைக்குட்பட்டுப் புதுப்பித்தும் விரித்தும் கட்டப்பட்டது; மடாலயத்தின் பெருமைக்கு முன் இவ்வூரின் பழைய பெருமை மங்கிவிட்டது. 1871ஆம் ஆண்டை ஒட்டி ரோவண்ட் ஆண்டர்சன் என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் திருப்பணி நடந்தபோதுதான், மேட்டின் மேலிருந்த சாதாரணக் கிராமக் கோயிலுக்குள் பிக்டியரின் மகத்தான ஒரு திருத்தலம் மறைந்துகிடந்தது புலனாயிற்று. துண்டு துண்டாகவும் முழுமையாகவும் அங்கே கிடைத்த கற்கள் முப்பதுக்கு மேற்பட்டவை. ஒரு தனி அருங்காட்சியகத்துக்குப் போதுமானவை.

அவ்வூரின் கற்களில் தலைசிறந்தது டிராஸ்டன் கல் என்று வழங்கப்படுவது. அதன் ஒரு முகத்தில் நுணுக்கமான பின்னல் வேலைப்பாடமைந்த சிலுவை. மறுமுகத்தில் மானும் கரடியும், குட்டிக்குப் பாலூட்டும் பெண்மானும், பழைய சின்னங்களும். அவற்றின் கீழே, முழந்தாளிட்டுக் குறுக்குவில்லால் காட்டுப்பன்றியைக் குறிபார்க்கும் வேடன் ஒருவன். அந்த வேடனைக் காணும் எவரும், அவன் முதுகின் வளைவையும் விலங்கின் மயிர்க்கூச்செறிப்பையும் கல்லில் கொண்டுவந்த கையை எளிதில் மறக்கமாட்டார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, கல்லின் பக்கவாட்டில் நான்கு வரிகள் எழுத்தாகவே பொறிக்கப்பட்டிருக்கின்றன. டிராஸ்டன், உவோரத், ஃபோர்கஸ் என்ற மூன்று பெயர்களை அவற்றில் வாசிக்க முடிகிறது. உவோரத் என்பவன் கி.பி. 842 அளவில் மறைந்த பிக்டிய அரசனே என்று பல அறிஞர் கருதுகின்றனர். பெரும்பாலும் எழுத்தில்லாத சின்னங்களாலேயே பேசிய மக்கள், இலத்தீன் லிபியில் தங்கள் பெயர்களை இப்படி எழுதிவைத்த இடங்கள் மிகச் சிலவே. பெயர் தெரியாமற்போன ஒரு சமூகத்திலிருந்து மூன்று மனிதர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது இத்தகைய ஒரு கல் தப்பிப் பிழைத்ததனால்தான்.

செயின்ட் விஜியன்ஸுக்கு இணையாகச் சொல்லத்தக்கது பெர்த் சீமையிலுள்ள மீகில். அங்கே தேவாலயத்திலும் அதன் முற்றத்திலும் சேர்ந்திருந்த கற்களின் கதையில் ஓர் இழப்பும் ஒரு மீட்பும் பின்னிக்கிடக்கின்றன. 1869இல் பழைய தேவாலயம் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த சிற்பங்கள் சில அத்துடன் அழிந்தன. அவற்றுள் ஒன்று, குதிரை பூட்டிய வண்டியில் மனிதர்கள் அமர்ந்து செல்லும் காட்சி பொறித்த பலகை. பிக்டிய சிற்பங்களில் குதிரைகளும் குதிரைவீரரும் எண்ணற்றுக் காணப்பட்டாலும், சக்கரம் பூண்ட வண்டி அங்கேதான் இருந்தது. நெருப்புக்கு முன்பே ஆர்வலர்கள் அதை வரைந்துவைத்தபடியால், அந்தச் சித்திரங்கள் வழியாக மட்டும் அதை நாம் அறிகிறோம். ஆங்கஸ் சீமையின் கற்களை 1848இல் பெரிய நூலாக வெளியிட்ட பேட்ரிக் சால்மர்ஸும், அவரைத் தொடர்ந்து 1856இலும் 1867இலும் ஸ்காட்லாந்து முழுமைக்குமாக இரு பெருந்தொகுதிகளை வெளியிட்ட ஜான் ஸ்டூவர்ட்டும் செய்த இத்தகைய சேவைக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தீயில் தப்பிய கற்களைக் காக்கும் பொருட்டு, அவ்வட்டாரத்துப் பிரபுவான சர் ஜார்ஜ் கின்லாக், தேவாலயத்தை அடுத்திருந்த பழைய பள்ளிக்கூடத்தை விலைக்கு வாங்கி அங்கே அவற்றைச் சேர்த்துவைத்தார். சிங்கங்களின் நடுவே நிற்கும் தானியேல் தீர்க்கதரிசியைக் காட்டும் மாபெரும் சிலுவைக் கல்லும் அங்கேயே இருக்கிறது. ஊர் ஐதீகமோ, ஆர்தர் அரசனின் மனைவி வனோரா, கொடிய விலங்குகளால் கிழித்தெறியப்பட்டுத் தண்டனை பெற்ற காட்சியென்று அதைச் சொல்லிவந்தது. சிற்பி நினைத்தது தானியேலையே என்பதில் ஐயமில்லை எனினும், பொருள் மறந்துபோன கல்லுக்கு மக்கள் தாங்களே ஒரு கதையைக் கொடுத்துக் காத்துவந்த அன்பு மதிக்கத்தக்கது.

மீகிலில் உள்ள முதலாவது கல் இன்னொரு செய்தியையும் உணர்த்துகிறது. அதன் அடிப்பகுதியில், பிக்டியர் காலத்துக்கும் பல்லாயிரம் ஆண்டு முற்பட்ட மக்கள் குடைந்த கிண்ணக்குழிகள் காணப்படுகின்றன. வரலாற்றுக்கு முற்பட்டோர் நாட்டிய கல்லைத்தான் பிக்டியச் சிற்பி எடுத்துச் சிலுவை செதுக்கினான். அபர்லெம்னோ என்னும் ஊரில் சாலையோரம் நிற்கும் பாம்புக் கல்லின் பின்புறத்திலும் அதே குழிகள் உண்டு. தமக்கு முன்னோர் விட்டுச்சென்றதைத் தமது தேவைக்குத் திருத்திக்கொள்ளும் வழக்கம் மத்தியகாலக் கொத்தனோடு பிறந்ததன்று என்பதற்கு இவை போதிய பிரமாணம். இதையறிந்த பின்னும், கல்லைச் சுவரில் வைத்தவனைக் குற்றவாளிக் கூண்டிலேற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் எல்லாச் செயலையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. டார்பத் தீபகற்பத்தின் முனையிலுள்ள போர்ட்மஹாமக்கில், யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் கார்வர் 1994 முதல் 2007 வரை நடத்திய அகழ்வாய்வில் பிக்டிய மடாலயம் ஒன்று முழுமையாக வெளிப்பட்டது. கன்றுத்தோலைப் பதப்படுத்தி நூலெழுதும் ஏடுகளாக்கிய பட்டறையும், உலோக வேலைக்கூடமும், இருநூறுக்கு மேற்பட்ட சிற்பத் துண்டுகளும் அங்கே கிடைத்தன. கி.பி. 800ஐ ஒட்டி மடத்தைத் தீ விழுங்கியிருக்கிறது. உயர்ந்து நின்ற சிலுவைகள் திட்டமிட்டு அடித்து நொறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அழிவை வைக்கிங்குகளின் மேல் சுமத்துவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பின்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவ்விடத்தில் தேவாலயம் எழுப்பியவர்கள், சிதறிக்கிடந்த துண்டுகளை அஸ்திவாரத்திலும் நிலவறைச் சுவரிலும் சேர்த்துக் கட்டினார்கள். இங்கே உடைத்தவன் வேறு, கட்டியவன் வேறு. உடைத்தவனின் கையிலிருந்து தப்பியதைக் கட்டியவனின் சாந்து, குதிரிலிட்ட விதைநெல்லைப் போல, எண்ணூறு ஆண்டுகள் காத்துக் கொடுத்தது.

அஸ்திவாரத்தில் வைப்பது அவமதிப்பா, பக்தியா என்ற வினாவையும் இங்கே தவிர்க்கவியலாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பெருங்கோயிலின் கிழக்குக் கோடியில், பழைய சிலுவைப் பலகைகள் பல கட்டுமானத்துக்குள் கிடந்தன. பரிசுத்தமான மயானத்துக் கல்லை அதே பரிசுத்த நிலத்துக் கட்டடத்தில் சேர்ப்பதனால் அதன் புனிதம் கெடாமல் தொடருகிறது என்று அக்காலத்தவர் கருதியிருக்கலாம் என்பாரும் உளர். பலிபீடத்தின் திசையிலேயே கற்கள் திரளும் இடங்களில் இக்கருத்துக்கு வலு உண்டு. படியாகவும் தளக்கல்லாகவும் காலால் மிதிபட வைத்த இடங்களில் சிக்கனத்தைத் தவிர வேறு காரணம் தேடுவது வீண்.

1560இன் மதச் சீர்திருத்தத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. உருவங்களின்மேல் வெறுப்பும், சிலுவையைக்கூட விக்கிரகமென்று ஐயுறும் மனப்பான்மையும் பரவின. டார்பத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலே, கடலைப் பார்த்த சிறு ஜெபக்கூடத்தின் அருகில் நின்ற ஹில்டன் ஆஃப் காட்போல் கல்லுக்கு அப்போது நேர்ந்த கதியை நினைத்தால் நெஞ்சம் கனக்கிறது. பலகையின் ஒருபுறம் திராட்சைக்கொடி விளிம்பமைத்த சட்டத்துக்குள் அரசகுலத்து வேட்டை. குதிரைமேல் பக்கவாட்டாக அமர்ந்து, மார்பில் பெரிய பதக்கமணிந்து, பணியாளர் எக்காளம் ஊதச் செல்லும் சீமாட்டி ஒருத்தி அதன் நாயகி. மறுபுறம் சிலுவை. 1676இல் அலெக்சாண்டர் டஃப் என்பவருக்கும் அவருடைய மூன்று மனைவியருக்கும் கல்லறைக் கல்லாக்கும் பொருட்டு, அந்தச் சிலுவை முகம் முழுவதும் உளியால் சீவி எறியப்பட்டது. வெறுமையான இடத்தில் அவர்கள் பெயர்களும், நன்றாக வாழ்ந்தவன் நன்றாக இறக்கிறான் என்ற பொருளுடைய வாசகமும் வெட்டப்பட்டன. கொத்தன் கல்லைச் சுவரில் வைத்தால் சிற்பம் மறையும், அழியாது. இங்கோ சிற்பமே போயிற்று. மீண்டும் பயன்படுத்துதல் என்ற ஒரே பெயரால் இரண்டையும் குறிப்பது எனக்கு உடன்பாடில்லை.

இதற்குத் தெற்கேயுள்ள நிக் என்னும் ஊரின் சிலுவைக் கல், பாலைவனத்துத் துறவியரான பவுலுக்கும் அந்தோணிக்கும் காகம் அப்பம் கொண்டுவரும் காட்சியை நெற்றியில் தாங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு குடும்பத்தின் சமாதியறைக்கு இடம் ஒதுக்குவதற்காக அது நகர்த்தப்பட்டபோது விழுந்து முறிந்தது. முறிவினிடையே சிதறிய துண்டுகளுள் ஒன்று 1998இல் அருகே ஓடும் ஓடையில் கிடைத்தது. இன்று அக்கல் அவ்வூர்த் தேவாலயத்துக்குள்ளேயே மரியாதையோடு நிற்கிறது.

இந்த நிகழ்ச்சிகளையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, சுவருக்குள் போன கற்களுக்குத் தீங்கைவிட நன்மையே மிகுதி என்ற முடிவுக்கே நான் வருகிறேன். அபர்லெம்னோவின் சாலையோரக் கற்களை ஒவ்வொரு பனிக்காலத்திலும் மரப்பெட்டியிட்டு மூடுகிறார்கள். அவ்வளவு செய்தும் உறைபனியும் மழையும் கோடுகளை ஆண்டுதோறும் தேய்த்துவருகின்றன. ஃபவுலிஸ் வெஸ்டரில் வெளியே நின்ற கல்லையும் உள்ளே கிடந்த கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு வேறு வாதம் தேவையில்லை. சுவர் வேண்டுமென்றே காப்பாற்றவில்லை என்பது உண்மையே. ஆனாலும் காப்பாற்றியது.

சுவரைவிட்டு வெளிவந்த கல் எங்கே வைக்கப்படவேண்டும் என்பதே இன்று எஞ்சியுள்ள பிரச்சினை. செயின்ட் விஜியன்ஸும் மீகிலும் ஃபவுலிஸ் வெஸ்டரும் நிக்கும் தங்கள் கற்களைத் தங்கள் ஊரிலேயே, அவை பிறந்த தேவாலயத்தின் நிழலிலேயே வைத்துக்கொண்டன. அதுவே சரியான வழி. ஹில்டன் கல்லுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை ஒரு பிரபுவின் இன்வர்கார்டன் மாளிகைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 1921இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். நாடெங்கும் எழுந்த கண்டனக் குரலால் அதே ஆண்டில் அது எடின்பரோவுக்குத் திரும்பி, அங்கேயுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. 2001இல் ஜெபக்கூடம் இருந்த இடத்தை அகழ்ந்தபோது, யாரும் எதிர்பாராதவண்ணம் அதன் அடிப்பகுதி நட்ட இடத்திலேயே மண்ணில் நின்றுகொண்டிருந்தது. 1676இல் சீவியெறிந்த சிலுவையின் துணுக்குகளும் ஆயிரக்கணக்கில் அதைச் சூழ்ந்து கிடைத்தன. அடிப்பகுதியை அண்டை ஊரான பாலின்டோரின் பொதுமண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். ஜெபக்கூடத்தின் அருகே புதிதாகச் செதுக்கிய பிரதி ஒன்று நிற்கிறது. ஒரே சிற்பியின் கையால் ஒரே பாறையில் உருவான கல்லின் உடல் எடின்பரோவிலும் பாதம் பாலின்டோரிலுமாக இப்படிப் பிரிந்து கிடப்பது எந்த வகையிலும் முறையாகாது. இரண்டையும் துணுக்குகளையும் ஒருசேர அந்தக் கடற்கரை ஊரிலேயே நிலைநிறுத்தும் பொறுப்பை, அதற்கு அதிகாரமுடையோர் இனியும் தாமதியாமல் ஏற்கவேண்டும்.